ஒற்றைப்படை எண்கள்

தெரிந்தவர் எழுதிய கட்டுரை கைக்கு வந்தால், உறையை மூடித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் அதுதான் முதல் விதி.

அங்கே வேலை பார்க்கும் மூத்தவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அந்த உறையைப் பிரித்ததிலிருந்து அவள் அவளாக இல்லை. எழுதியவர் பெயரைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். அழித்தால் என்ன? இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த தலைப்பு. பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்கு, இரண்டு பழைய மாத்திரைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு புது மாத்திரை. அவளுடைய கணவரை ஊரறிந்த டாக்டராக்கிய கட்டுரை. துறைத் தலைவர் நாற்காலிக்கு அவர் விண்ணப்பித்திருப்பதே அதன் தோளில் ஏறித்தான்.

மற்றவர்களின் கட்டுரைகளுக்கு மார்க் போடுவது அவள் தொழில். அதனால் வீட்டிலும் அலுவலகத்திலும் அவளுக்குப் பட்டப்பெயர் 'மார்க்கு'. புருஷன் கட்டுரைக்குப் பெண்டாட்டி மார்க் போட்டால் ஊர் சிரிக்கும். காலையில் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

காலைச் சாப்பாட்டில் கை வைத்தபோது டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"மாமா, அந்தப் பழைய மாத்திரை ரெண்டையும் இன்னிக்கோட தலைமுழுகிடுங்க. சாயங்காலம் வரும்போது புதுசு கொண்டு வர்றேன்."

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். போன வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து, வாய் கோணி, எழுந்து, இப்போது இடது கால் கொஞ்சம் இழுக்கிறது, இடது கைக்கு முழுப் பழக்கம் இன்னும் திரும்பவில்லை.

"ரெண்டு பிரேக்கையும் கழட்டிட்டு ஒத்த பிரேக்ல வண்டியை ஓட்டச் சொல்றீங்க."

"இது புது மாடல் பிரேக், மாமா."

"பள்ளத்துல எறங்கறப்ப பிடிக்குமா?"

"நான் கேரண்டி."

அப்பா சிரித்தார். "மாப்பிள்ளை சொன்னா சரி."

மூத்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிக்கலாமே" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

"நூத்திப் பத்து பேர் என் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்காங்க, மாமா. என் வீட்ல ஒருத்தி நம்ப மாட்டேங்கறா."

"அவளை விடுங்க மாப்பிள்ளை. சின்னதுல நான் பஸ்ஸை ஷெட்ல நிறுத்திட்டு எறங்கினாக்கூட, ஹேண்ட் பிரேக் போட்டாச்சான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் வருவா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உறையைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் அப்போதே போய்விட்டது. அப்பாவின் தொண்டையில் இறங்கப்போகிற மாத்திரை. ஒருதரம் முழுசாகப் படித்துவிட்டுக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

*

கட்டுரை படிக்கும்போது எல்லோரும் முன்னாலிருந்து படிப்பார்கள். அவள் பின்னாலிருந்து படிப்பாள். முன்னால் இருப்பது பேச்சு. கடைசியில் சின்ன எழுத்தில், யாரும் சீண்டாமல் கிடக்கும் இணைப்புப் பட்டியல்தான் சரக்கு.

அதற்கு முன் செய்முறைப் பகுதியில் ஒரு வரி. 'எல்லா ரத்த அழுத்த அளவுகளையும் பயிற்சி பெற்ற ஒரே செவிலியர், ஒரே பாதரசக் கருவியில் எடுத்தார்.' ஒரே கை, ஒரே கருவி. மதிப்பீட்டுப் பிரிவில் அந்த ஒரு வரிக்கே தனி மார்க் உண்டு. ஆளாளுக்கு அளந்தால் ஆளுக்கொரு அளவு வரும் அல்லவா?

அந்த ஒரே செவிலியர் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுடைய கூடப் பிறந்த தங்கை.

பட்டியலில் விரலை வைத்து இறங்கினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ரத்த அழுத்தம். 142. 138. 150. 126. 144. தங்கையின் குரலிலேயே அந்த எண்கள் கேட்டன. அப்பாவுக்கு அளந்துவிட்டு அவள் சொல்கிற தொனி. நூத்தி நாப்பத்திரெண்டு, பரவாயில்லப்பா. நூத்தி அம்பது, உப்பைக் கொறைங்க.

பாதிப் பட்டியல் தாண்டியது. 137.

விரல் நின்றது.

143. 129. 151. 135.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மேலேயிருந்து வந்தாள். முதல் பாதியில் ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. மருந்துக்கும் இல்லை. பின்பாதியில் இரண்டுக்கு ஒன்று ஒற்றைப்படை.

பாதரசக் கருவியின் கண்ணாடிக் குழாயில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் ஏறும். நூற்று முப்பத்தாறு உண்டு. நூற்று முப்பத்தெட்டு உண்டு. நடுவில் நிற்க இடம் இல்லை. நின்றாலும் பக்கத்துக் கோட்டைத்தான் எழுத வேண்டும். அப்பாவுக்குத் தினமும் அளக்கக் கற்றுக்கொடுத்தபோது தங்கை முதலில் சொன்னதே அதுதான்.

அப்படியென்றால் இந்த நூற்று முப்பத்தேழை எந்தக் கருவியில் பார்த்தார்கள்?

பாதியில் மின்சாரக் கருவிக்கு மாறியிருக்கலாம். அதில் எந்த எண்ணும் வரும். ஆனால் மாறியதாக ஒரு வார்த்தை எழுதவில்லை. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். பாதிப் பட்டியலா பிழை? மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். அதை அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

"என்ன மார்க்கு, முடிஞ்சுதா?"

பின்னால் தராசு மேடம். பிரிவின் தலைவி. எதைக் கொடுத்தாலும் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோல ஒருதரம் ஆட்டுவார். இப்போதும் கட்டுரையை எடுத்து ஆட்டினார்.

"இதுக்கா ரெண்டு நாள்? முதல் வரிசை ஆய்விதழ். நூத்திப் பத்து மேற்கோள். அங்கேயே எண்பது மார்க் வந்தாச்சு. மிச்சம் இருபதுதான் உன் கையில."

"அந்த இருபதுதான் மேடம் கட்டுரை. எண்பதும் கூட்டம்."

"கூட்டம் சும்மா கூடுமா?"

"கூடும். கூட்டத்தைப் பாத்தே கூட்டம் கூடும். ரோட்ல நாலு பேர் வானத்தைப் பாத்தா அஞ்சாவது ஆளும் பாக்கறான். அந்த நூத்திப் பத்து பேர்ல, இதைத் திரும்பச் செஞ்சு பாத்தவங்க எத்தனை பேர்னு தேடினேன்."

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்கூட இல்லை. 'ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிட்டு, அவங்கவங்க சோலியைப் பாக்கப் போயிட்டாங்க."

தராசு மேடம் பெருமூச்சு விட்டார். "ஊரே அப்படித்தான் போகுது. நீ ஒருத்தி குறுக்கே படுத்தா வண்டி நிக்குமா? நாளைக்குக் காலைல மார்க் என் மேஜைல இருக்கணும். நாற்காலிக்கு ஆள் எடுக்கணும்." போகப்போனவர் திரும்பினார். "ஏன், எழுதினது யாருன்னு தெரியுமா உனக்கு?"

மூத்தவள் கட்டுரையை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"பேரை அழிச்சுத்தானே மேடம் தர்றீங்க?"

பொய் இல்லை. உண்மையும் இல்லை. மேடம் ஒரு கணம் அவளையே எடை பார்த்துவிட்டுப் போனார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் உறை அடுத்த மேஜைக்குப் போகும். அடுத்த மேஜைக்காரர் அட்டையைப் பார்த்தே தொண்ணூற்றைந்து போடுகிறவர். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தால், புருஷனுக்கு நாற்காலி கிடைப்பது பெண்டாட்டிக்கே பொறுக்கவில்லை என்பார்கள். சாயங்காலம் அப்பா தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

"அடேயப்பா! மார்க்கு டீச்சரே வார்டுக்கு வந்துட்டாங்க. யாருப்பா பெயிலு?"

இளையவள் ஊசித் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தாள். எட்டு வருடம் சின்னவள். அழுவதும் சிரிப்பதும் அவளுக்கு ஒரே குழாயில் வரும்.

"தலை கனமா இருக்குடி. பிரஷர் பாரு."

"அங்க உக்காரு. மிஷின் வேணுமா, என் பழைய ஆளு வேணுமா?"

"உன் பழைய ஆளு."

இளையவள் பாதரசக் கருவியின் மூடியைத் திறந்து நிமிர்த்தினாள். வார்டுக்கு மின்சாரக் கருவி வந்து பல வருடம் ஆகியும் அவள் இதை விடவில்லை. பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் மாட்டிக்கொண்டு மெதுவாகத் திறந்துவிட்டாள்.

"நூத்தி நாப்பத்திரெண்டு. என்னக்கா, வீட்ல சண்டையா?"

"சரியாப் பாரு. நூத்தி நாப்பத்தொண்ணா இருக்கப் போகுது."

"இதுல ஏது ஒண்ணு? கோடு ரெண்டு ரெண்டாத்தானே இருக்கு. நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்? மறதியும் சேந்துக்கிச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

"அத்தானோட புது மாத்திரை ஆய்வுக்கும் இதே கருவிதானா?"

"இதேதான்."

"கடைசி வரைக்கும்?"

பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கை ஒரு நொடி தயங்கியது.

"கடைசி வரைக்கும்."

"கடைசி ஆள் வரைக்கும் நீதான் அளந்தியா?"

"நான்தான்க்கா. வேற யாரு?" இளையவள் கழற்றிய பட்டையை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். அப்புறம்தான் எதற்குச் சுற்றுகிறோம் என்று உறைத்ததுபோல நிறுத்தினாள். "ஏன், அத்தான் ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

காலையில் தான் சொன்ன 'சும்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று மூத்தவளுக்குத் தெரியும். தங்கையின் 'சும்மா'வுக்கும் அதே அர்த்தம்தானே?

ஒன்று மட்டும் நிச்சயம். டாக்டரும் இளையவளும் சேர்ந்து அவளிடம் எதையோ மறைக்கிறார்கள். கட்டுரை வெளியான அதே மாதம்தான் இளையவளுக்கு வேலை நிரந்தரமானது. அன்று டாக்டர்தான் அந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்தார். 'என் மச்சினிக்கு நானே சிபாரிசு பண்ணினேன்' என்று பெருமையடித்துக்கொண்டார். அன்று இனித்த பேச்சு இன்று தொண்டையில் முள்ளாக நின்றது. எண்களுக்காக வேலையா? வேலைக்காக எண்களா? இல்லை, இரண்டுக்கும் பின்னால் வேறு ஏதாவதா? அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்ட தன் மனசின்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் கேட்டுவிட்டது. கேட்ட கேள்வியை எப்படித் திரும்ப விழுங்குவது?

"சாயங்காலம் வீட்டுக்கு வா."

"என்ன விசேஷம்?"

"அப்பாவுக்கு மாத்திரை மாத்தறாங்க."

இளையவளின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. "எந்த மாத்திரை?"

"அத்தானோட மாத்திரை."

"அதை... அப்பாவுக்கா?"

"ஏன்? ஊர்ல எல்லாருக்கும் கொடுக்கறாங்க. அப்பாவுக்குக் கொடுக்கக் கூடாதா?"

உள்ளே யாரோ நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். விட்டால் போதும் என்று இளையவள் ஓடினாள். மூத்தவள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்ட நோயாளியிடம் இளையவள் போகவில்லை. ஜன்னலோரம் நின்று போனை எடுத்து, எண்ணைத் தேடி, யோசித்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

டாக்டர் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டார். நாற்காலி கிடைத்துவிட்ட மாதிரியே நடந்தார். கையில் மருந்துக்கடைப் பை.

"மாமா, புது பிரேக் வந்தாச்சு!"

இளையவள் ஏற்கெனவே வந்து சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வேலை செய்பவள்போல ஒரு கரண்டியைக் கையில் பிடித்திருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை.

அப்பா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "துளியூண்டு இருக்கு. இதுவா ரெண்டு பேர் வேலையைப் பாக்கும்?"

"பாக்கும் மாமா. போட்டுக்கங்க."

அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

"அப்பா, போடாதீங்க."

மூத்தவளின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. டம்ளர் பாதி வழியில் நின்றது.

டாக்டர் சிரித்தபடியே திரும்பினார். "என்னம்மா, இன்னும் ஹேண்ட் பிரேக்கைப் பாத்து முடியலையா?"

"உங்க கட்டுரையைப் படிச்சேன். கடைசிப் பட்டியல் வரைக்கும்."

"நல்லது. இப்பவாவது படிச்சியே."

"பின்பாதி எண்கள் பாதரசக் கருவியில பாத்தது இல்லைங்க."

"என்ன உளர்றே?"

"ஒற்றைப்படையா இருக்கு. நூத்தி முப்பத்தேழு. நூத்தி நாப்பத்திமூணு. அந்தக் கருவியில அப்படி ஒரு எண்ணே கிடையாது. எங்கேருந்து வந்துச்சு?"

டாக்டர் சிரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் சிரிப்பு முகத்தில் மட்டும் தங்கிவிட்டது. கண்கள் சமையலறை வாசலுக்குப் போய்த் திரும்பின. கண் இமைக்கும் நேரம். மூத்தவள் பார்த்துவிட்டாள்.

"பெரிய பெரிய நிபுணர்கள் மூணு பேர் படிச்சு ஒத்துக்கிட்ட கட்டுரை. ஒருத்தரும் சொல்லலை. என் பெண்டாட்டி சொல்றா. அளந்தது யாரு? உன் தங்கச்சி. இதோ நிக்கறா. கேளேன்."

"காலைல கேட்டேன். கடைசி ஆள் வரைக்கும் நான்தான்னு சொன்னா."

"அப்புறம் என்ன?"

மூத்தவள் தங்கையைப் பார்த்தாள். "இப்பவும் அதையே சொல்றியாடி?"

இளையவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டு, "ஆமாக்கா" என்றாள். அந்த 'ஆமா' பாதிதான் வெளியே வந்தது.

"இருங்க, இருங்க." அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். மாத்திரை மட்டும் உள்ளங்கையிலேயே இருந்தது. "எனக்கு ஒண்ணும் புரியலை. இந்த அளக்கற வேலை எல்லாம் எப்ப நடந்தது?"

"அது பழைய கதை, மாமா. நீங்க..."

"நான் சொல்றேம்ப்பா," என்றாள் மூத்தவள். "முதல் பாதி கோடைல. பின்பாதி மழைக்காலத்துல. நீங்க விழுந்தீங்களே, அந்த மழைக்காலம். நான் பயிற்சிக்காக வெளியூர்ல இருந்தேன்."

"அந்த மழைக்காலமா?" அப்பா நெற்றியைச் சுருக்கினார். "அப்ப இவ எங்கேம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா?"

டாக்டர் மருந்துக்கடைப் பையை மடிக்க ஆரம்பித்தார்.

"என் பக்கத்துலதானே கெடந்தா? ராத்திரி பகல்னு பாக்காம. கை காலை நீவிவிட்டு, வாயில ஊட்டிவிட்டு, பேச வராதவனைப் பேச வெச்சு..."

"அப்பா!" என்றாள் இளையவள்.

"சும்மா இரும்மா. பெரியவகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினே, சரி. அவ பயிற்சியைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவா, அதனால சொல்ல வேணாம்னே. அதுவும் சரி. இப்பதான் எல்லாம் ஆச்சே. இன்னும் என்ன?"

மூத்தவள் மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து எத்தனையோ நினைத்தாள். தங்கையை என்னென்னவோ நினைத்தாள். இதை மட்டும் நினைக்கவில்லை.

"ஆள் போட்டிருக்கோம்னு சொன்னீங்க," என்றாள் கணவரிடம். "சம்பளத்துக்கு ஆள் போட்டு அப்பாவைப் பாத்துக்கறோம்னு போன்ல சொன்னீங்க."

டாக்டர் வாயைத் திறக்குமுன் இளையவள் அழுதுகொண்டே வந்தாள். "எனக்கு லீவே இல்லக்கா. தற்காலிக வேலை. சேந்தாப்ல ரெண்டு நாள் வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க. அத்தான்தான் 'நீ மாமாவைப் பாத்துக்க, ஆய்வு வேலைல இருக்கறதா நான் காட்டிக்கறேன்'னார். எனக்குப் பதிலா வேற யாரையாவது வெச்சு அளந்திருப்பாங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்க்கா."

"காலைல ஏன்டி பொய் சொன்னே?"

"நான் இல்லைன்னு சொன்னா என் வேலை போயிடும். அத்தான் பேரும் போயிடும். எனக்காகத்தானே செஞ்சார்..."

"வேற யாரையும் வெக்கலை," என்றாள் மூத்தவள். கேள்வியாக இல்லை. பார்வை கணவர் மேலேயே இருந்தது. "இல்லையா?"

"எப்படி வெக்கறது?" டாக்டருக்குத் திடீரென்று குரல் ஏறியது. "இன்னொரு ஆள் அளந்தா 'ஒரே கை'ன்னு எழுத முடியுமா? ஒரே கை, ஒரே கருவின்னு இல்லைன்னா உங்க ஆபீஸ்ல மார்க் போடுவீங்களா? அந்த ஒரு வரிக்காகத்தானே அந்த ஆய்விதழ்லயே எடுத்தாங்க! நோயாளிங்க வந்தாங்க. மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க. நல்லா இருக்கோம்னு சொன்னாங்க. அளக்கத்தான் ஆள் இல்லை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்!"

"முதல் பாதி எப்படி எறங்குச்சோ, பின்பாதியும் அப்படித்தான் எறங்கும்னு..."

"எறங்கும்னு எழுதிட்டீங்க. இருபது வருஷமா மிஷின்ல பாத்தே பழகின கை. மிஷின் எண்ணாவே எழுதியிருக்கு."

டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல.

மூத்தவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் பெண்டாட்டியா கேக்கலை. மதிப்பீட்டுப் பிரிவுலேருந்தும் கேக்கலை. நீங்க டாக்டர். இவர் நோயாளி. ரெண்டு பழைய மாத்திரையையும் நிறுத்திட்டு இதைப் போடச் சொல்றீங்க. மாத்திரை அவர் கையில இருக்கு. சொல்லுங்க, போடலாமா?"

அப்பாவின் உள்ளங்கை நீட்டியபடியே இருந்தது. பழக்கம் விட்டுப்போன இடது கை, லேசாக நடுங்கியது. துளியூண்டு மாத்திரை அந்த நடுக்கத்தில் இங்குமங்கும் நகர்ந்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். போடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா போட்டுக்கொள்வார். மாப்பிள்ளை சொன்னால் சரி. நாற்காலியும் பேரும் நூற்றுப்பத்துப் பேரும் அப்படியே இருப்பார்கள்.

"மாப்பிள்ளை?" என்றார் அப்பா.

டாக்டர் குனிந்தார்.

"வேணாம் மாமா. கீழே வைங்க."

மாத்திரை மேஜைமேல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னது. இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

"அப்ப காலைல ஏன் மாப்பிள்ளை கேரண்டின்னீங்க?" அப்பா கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"காலைல எனக்குச் சந்தேகமே இல்லை, மாமா." டாக்டர் நாற்காலியில் சரிந்தார். "எழுதும்போது பயமாத்தான் இருந்துச்சு. வெளிவந்ததும் ஒருத்தர் மேற்கோள் காட்டினார். அப்புறம் பத்து பேர். அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிட்டு மாலை போட்டாங்க. நூத்திப் பத்து பேர் நிரூபிச்சாச்சு, நிரூபிச்சாச்சுன்னு சொன்னப்புறம்... நானே நம்பிட்டேன்."

மூத்தவள் மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்தாள். அவர்மீது இரக்கம் வந்தது. அது வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் இதை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தீங்க?"

அவர் எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கதவில் காது வைத்துக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இன்று போய் நின்றாள். இளையவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"சார், நான்தான் பேசறேன். அந்தக் கட்டுரையை ஆய்விதழ்லேருந்து திரும்ப வாங்கிக்கணும் சார்."

எதிர்முனை பேசும் நேரம்.

"இல்ல சார். யாரும் மிரட்டலை. நானேதான் கேக்கறேன்."

மூத்தவள் மூச்சை விட்டாள். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு. மனுஷன் கெட்டுப்போகவில்லை. கதவைத் தட்டலாம் என்று கையைக்கூடத் தூக்கிவிட்டாள்.

உள்ளே மறுபடி அவர் குரல். இந்த முறை ரொம்பத் தாழ்வாக.

"அப்போ இதே மாதிரி எழுதின மத்த மூணு கட்டுரையையும் என்ன பண்றது, சார்?"